எட்டு மணி பதினொரு நிமிடம்

எட்டு மணிக்கு வரிசையைத் திறக்கிறேன்.
எட்டு பதினொன்றுக்கு ஒன்றும் மிச்சமில்லை.
இடையிலிருக்கும் பதினொரு நிமிடம்தான்
லிங்கன்ஷயரின் இந்தக் கடலோரத்துக்கு வைத்தியம்.

ஒன்பதாயிரம் பேருக்கு ஒரு டாக்டர்.
இன்னொருவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார்,
சாலையில் டிராக்டர் குறுக்கே போகாவிட்டால்.
பல் டாக்டரா? கேட்காதீர்கள்.
கடைசியாக இருந்தவரின் நாற்காலியில்
இப்போது நாய்களுக்கு முடிவெட்டுகிறார்கள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது"
என்று இசைக்கு நடுவே சொல்லும் குரல் என்னுடையது.
மாடியில், அட்டைப்பெட்டிகளுக்கு இடையே பதிவுசெய்தோம்.
அன்றைக்கு எனக்குச் சளி.
அதனால்தான் அவ்வளவு அக்கறையாய்க் கேட்கிறது
என்பார் மேலாளர் க்வெண்டா.

வலியை எடைபோடுவது என் வேலை.
நெஞ்சு என்றால் ஆம்புலன்ஸ்.
காது என்றால் மருந்துக்கடை.
அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள்;
இங்கே அழுத பிள்ளைக்கு
வரிசையில் இருபத்தேழாம் இடம்.
கத்துகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை,
பிழைத்துக்கொள்வார்கள்.
"ஒன்றுமில்லை, சும்மா கொஞ்சம்" என்று
தொடங்குகிறவர்களுக்குத்தான் பயப்படுகிறேன்.

செவ்வாய்க்கிழமை முதல் அழைப்பு ஈனிட் பிஞ்ச்பெக்.
எப்போதுமே அவள்தான் முதல்.
ஐம்பது வருடம் தூண்டில் பிடித்த விரல்
ஏழு ஐம்பத்தொன்பதின் மேல் அசையாமல் காத்திருக்கும்.

ஒன்பது பத்து இருக்கிறது என்றேன்.
"எனக்கில்லை" என்றாள்.
"பக்கத்துக் கேரவனில் டைவா.
லிதுவேனியாப் பெண்.
கோஸ் வெட்டும் கத்தி கட்டைவிரலில் இறங்கியது.
இப்போது சிவப்பாய் ஒரு கோடு
மணிக்கட்டுக்கு ஏறுகிறது."

பெரிய ஆஸ்பத்திரி முப்பது மைல்.
பஸ் பத்தே முக்காலுக்கு, வந்தால்.
ஈனிட்டின் இரண்டு கண்ணிலும் புரை,
லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.
டைவா எங்கள் பதிவிலேயே இல்லை.
முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது விதி;
கேட்பது வழக்கம்.
சக்கரத்தின் மேல் நிற்கும் வீட்டுக்கு
கரண்ட் பில் எந்தப் பெயரில் வரும்?

"நடந்து வருவாள்" என்றாள் ஈனிட்,
"இப்போதே கிளப்புகிறேன்."
வாய்க்கால் கரையோடு நாலரை மைல்.

வரவேண்டியது ஒன்பது பத்துக்கு.
பத்து நிமிடம் தாண்டினால்
திரையில் அந்தப் பெயர் சிவந்துபோகும்.
பதினெட்டுக்கு வாசலைப் பார்த்தேன்.
பத்தொன்பதுக்கு,
வந்தார், ஒன்பது எட்டு
என்று தட்டினேன்.
என் விரல் எனக்குமுன் முடிவெடுத்திருந்தது.

ஒன்பது இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது.
கையை ஒரு சமையல் துண்டில் சுற்றி
நெஞ்சோடு தூக்கிப் பிடித்திருந்தாள்.
பூட்ஸைக் கழற்றப் பார்த்தாள்.
ஒற்றைக் கைக்கு முடிச்சு அவிழவில்லை.
பரவாயில்லை என்றேன்,
எந்த மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை.

டாக்டர் ஓபெங் கடிகாரத்தைப் பார்த்தார்,
பூட்ஸைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

வாசலிலிருந்து இரண்டாம் அறைவரை
கம்பளத்தில் பதினான்கு சேற்றுத் தடங்கள்.
துடைக்கிறவர் வியாழக்கிழமைதான் வருவார்.
"என்ன இது?" என்றார் க்வெண்டா.
"மழை" என்றேன்.
நாலு நாளாய் மழையில்லை.
அவரும் ஜன்னல் பக்கம் திரும்பி
ஆமாம் போல என்றார்.

புதன்கிழமை, எட்டு மணி.
வரிசையில் நாற்பத்து மூன்று பேர்.
முதலில் ஈனிட்.
டைவாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம்,
மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளாம்.
பிறகு ஒரு சின்ன இருமல்.
"இன்றைக்கு எனக்குத்தான்" என்றாள்.
"ஒன்றுமில்லை, சும்மா கொஞ்சம்"